இடைக்கால ஐரோப்பா தாள்: 1215-ஐ மட்டும் விடாதீர்கள்

எம்.ஏ. வரலாறு ரிசல்ட் வந்துவிட்டது. எல்லோரும் பயமுறுத்திய இடைக்கால ஐரோப்பாவில்தான் எனக்கு ஆக அதிகமான மதிப்பெண். இந்திய வரலாற்றுத் தாள்களில் ஐம்பதைத் தொடவே மூச்சு முட்டியது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் திட்டக் கூடாது. எந்த மெட்டீரியல் படித்தாய் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்: 1215.

1215 என்றதும் கை தானாக மேக்னா கார்ட்டா (இங்கிலாந்து மன்னன் ஜான் ஒப்புக்கொண்ட உரிமைச் சாசனம்) என்று எழுதும். ஒரு மதிப்பெண் கேள்விக்கு அது சரி. மக்களின் வாழ்க்கை, வழக்கம், நம்பிக்கை என்று வரும் அலகுக்கு வேண்டியது வேறு. அதே ஆண்டு நவம்பரில் போப் மூன்றாம் இன்னசென்ட் ரோமில் கூட்டிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், அதாவது திருச்சபை ஆயர்களின் பெரிய மாநாடு. நம் கையில் இருக்கும் அச்சிட்ட பாடநூலில் இதற்கு இரண்டே வரிதான்: நற்கருணைக் கோட்பாடு (பூசையில் தரும் அப்பம் இயேசுவின் உடலாகிறது என்பது), சிலுவைப் போர் அழைப்பு. மன்னர்களும் போப்களும் நூறு பக்கம் சண்டை போட்டு ஓய்ந்த பிறகு, மக்களுக்கு என்று இரண்டரைப் பக்கம் ஒதுக்கிய நூலிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

அந்தச் சங்கம் சுமார் 70 விதிகள் போட்டது. அவற்றில் ஏழெட்டை எடுத்து, ஒவ்வொன்றும் ஒரு கிராமத்தானின் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்று எழுதிப் பாருங்கள். கட்டுரை தானாக வளரும்.

முதலில் 21-ஆம் விதி. வயது வந்த ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு முறையாவது தன் பங்குச் சாமியாரிடம் (ஊர்க் கோவில் குருவிடம்) பாவசங்கீர்த்தனம் செய்து, அதாவது செய்த பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற்று, ஈஸ்டருக்கு நற்கருணை வாங்க வேண்டும். செய்யாதவனுக்குக் கோவிலில் நுழைவு இல்லை, செத்தால் கிறிஸ்தவ அடக்கமும் இல்லை. கேட்டதை வெளியே சொல்லும் சாமியாரைப் பதவியிலிருந்து இறக்கி, ஆயுள் முழுக்க மடத்தில் அடைப்பார்கள். இதன் பிறகு சாமியார்கள் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று கையேடுகள் பெருகின. சாமானியன் என்ன நம்பினான் என்பது நமக்குத் தெரிய வருவதே பெரும்பாலும் இப்படி அவனைக் குடைந்து கேட்டவர்கள் எழுதி வைத்ததால்தான்.

அடுத்தது 18. அதுவரை குற்றத்தைத் தீர்மானிக்கக் கடவுளிடம் விட்டுவிடும் வழக்கம் இருந்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஏந்திச் சில அடி நடக்க வேண்டும். கையைக் கட்டி மூன்றாம் நாள் அவிழ்த்துப் பார்ப்பார்கள். ஆறத் தொடங்கியிருந்தால் நிரபராதி, சீழ் வைத்திருந்தால் குற்றவாளி. தண்ணீர்ச் சோதனையில் மிதந்தால் குற்றவாளி, மூழ்கினால் தப்பித்தான். இந்தச் சடங்குகளைக் குருமார்கள் ஆசீர்வதிக்கக் கூடாது என்றது 18-ஆம் விதி. ஆசீர்வாதம் இல்லாமல் சோதனைக்கு மதிப்பு ஏது? இங்கிலாந்து நீதிபதிகள் 1219 முதல் வேறு வழி தேட வேண்டியிருந்தது, அந்த இடத்துக்கு ஊர்க்காரர்களைக் கொண்ட ஜூரி வந்தது. ஐரோப்பாவின் மற்ற பகுதிகளில் விசாரணை, ஒப்புதல் வாக்குமூலம், அதற்காகச் சித்திரவதை என்று போனது. இந்த ஒரு விதியிலிருந்து நம்பிக்கை, சட்டம் இரண்டு தலைப்புக்கும் விடை கிடைக்கிறது.

50-ஐயும் 51-ஐயும் சேர்த்தே படியுங்கள். அதற்கு முன் ஏழு தலைமுறைக்குள் பொது மூதாதை இருந்தால் கல்யாணம் செய்யக் கூடாது. சின்னக் கிராமத்தில் அப்படிப் பார்த்தால் பெண்ணும் கிடைக்காது, மாப்பிள்ளையும் கிடைக்காது. சங்கம் அதை நான்காகக் குறைத்தது. கூடவே, கல்யாணத்தைக் கோவிலில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், தடை இருந்தால் யாரும் சொல்லலாம் என்றது. நம் ஊர்க் கத்தோலிக்கக் கோவில்களில் ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்கிறார்களே, அந்த வழக்கத்தைத் திருச்சபை முழுவதற்கும் பொது விதியாக்கியது இதுதான். ஆனாலும் சாட்சி, சாமியார் யாருமே இல்லாமல் இருவரும் வாயால் சம்மதம் சொன்னாலே கல்யாணம் செல்லும் என்ற நிலை தொடர்ந்தது. "கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னான், இப்போது மறுக்கிறான்" என்ற வழக்குகளால் திருச்சபை நீதிமன்றங்கள் நிரம்பியது அதனால்தான். பத்து மதிப்பெண் விடைக்கு இந்தப் பத்தி மட்டுமே தாங்கும்.

மற்றவை வேகமாக. 16: குருமார்கள் சாராயக்கடைக்குப் போகாதே, சூதாடாதே, சிவப்பு பச்சைத் துணி உடுத்தாதே (தடை போட்டார்கள் என்றால் நடந்துகொண்டிருந்தது என்று அர்த்தம்). 22: மருத்துவர் முதலில் நோயாளியைக் குருவை அழைக்கச் சொல்ல வேண்டும். 62: புனிதர்களின் எலும்பை விற்காதே. 68: யூதர்களும் முஸ்லிம்களும் உடையால் வேறுபட்டுத் தெரிய வேண்டும், இங்கிலாந்தில் யூதர்களுக்கு 1218-லேயே அடையாளத் துணி வந்துவிட்டது. 68-ஐத் தவறாமல் எழுதுங்கள். அன்றாட வாழ்க்கை என்றால் திருவிழாவும் ரொட்டியும் மட்டுமல்ல.

இனி என் செல்லக் கதை. எட்டியென் தெ பூர்போன் என்ற டொமினிக்கன் துறவி 13-ஆம் நூற்றாண்டில் லியோன் நகருக்கு வடக்கே பிரசங்கம் செய்துகொண்டு பாவசங்கீர்த்தனம் கேட்கிறார். பல பெண்கள், நோய்ப்பட்ட பிள்ளையைப் புனித கினெஃபோரிடம் கொண்டு போனோம் என்று சொல்கிறார்கள். யாரோ புனிதர் என்று நினைத்து விசாரித்தால், அது வேட்டை நாய்! தொட்டில் குழந்தையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றி, வாயில் ரத்தத்தோடு நின்றதைப் பார்த்து எஜமான் தவறாக வெட்டிக் கொன்ற நாய். ஆமாம், நம் கீரிப்பிள்ளைக் கதைதான். சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையிலும் வருவது. பெண்கள் அந்த நாயைப் புதைத்த தோப்பில் உப்பு படைத்து, குழந்தையின் துணியைப் புதரில் தொங்கவிட்டு, இரண்டு மரங்களுக்கு நடுவே குழந்தையை ஒன்பது முறை கைமாற்றினார்கள். துறவி நாயின் எலும்பைத் தோண்டி எடுத்து, மரங்களை வெட்டி, சேர்த்து எரித்தார். வழிபாடு அதற்குப் பிறகும் பல நூற்றாண்டு நீடித்தது. "மக்கள் நம்பிக்கைகள்" என்று எந்த ரூபத்தில் கேள்வி வந்தாலும் இதை எழுதலாம், ஏனென்றால் 21-ஆம் விதி, பெண்கள், குழந்தை மரணம், புனிதர் வழிபாடு எல்லாம் ஒரே கதையில் இருக்கின்றன.

நாட்காட்டி. இங்கிலாந்து வழக்கம். மனப்பாடம் மட்டும் போதும்:

பிப்ரவரி 2 – மெழுகுவர்த்தி மந்திரிப்பு
மார்ச் 25 – மங்கள வார்த்தைத் திருநாள் (இயேசு பிறப்பார் என்று மரியாளுக்குத் தேவதூதர் சொன்ன நாள்). 12-ஆம் நூற்றாண்டு முதல் ஆண்டுக் கணக்கு மாறும் நாளும் இதுவே
ஜூன் 24 – யோவான் திருநாள், சொக்கப்பனை
ஆகஸ்ட் 1 – புதுக் கோதுமை ரொட்டி
செப்டம்பர் 29 – மிக்கேல் திருநாள், குத்தகை, பண்ணைக் கணக்கு முடிப்பு
நவம்பர் 11 – மார்ட்டின் திருநாள், மாடு பன்றி அறுத்து உப்பில் போடும் காலம்

தவக்காலத்தை (ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பை) தனியாகப் பாருங்கள். இறைச்சி மட்டுமல்ல, முட்டையும் பாலும் கிடையாது. வட கடல், பால்டிக் பக்கத்து உப்பு ஹெர்ரிங் மீன் பீப்பாய் பீப்பாயாக உள்நாட்டுக்குப் போனதற்கு இந்த நோன்பு ஒரு பெரிய காரணம். ஹன்சா (வட ஜெர்மன் வணிக நகரங்களின் கூட்டணி) வணிகக் கேள்வியில் இதைச் சேர்த்தால் விடை தனித்துத் தெரியும். அயர்லாந்தில் ஒருவகை வாத்து மரக்கட்டையில் காய்க்கிறது, ஆகவே அது மாமிசம் இல்லை என்று சொல்லிச் சில குருமார்கள் நோன்பு நாளில் சாப்பிட்டதை 1180-களில் வேல்ஸின் ஜெரால்டு எழுதியிருக்கிறார். பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் அந்தக் கட்டைகளை வரவழைத்துப் பார்த்து, இதில் பறவையும் இல்லை ஒன்றும் இல்லை என்று எழுதினார்.

கைடுகளில் இருக்கிறது என்பதற்காக இவற்றை எழுதாதீர்கள்: பூமி தட்டை என்று நம்பினார்கள் (13-ஆம் நூற்றாண்டிலிருந்து பல்கலைக்கழகத்தில் ஓடிய சாக்ரோபோஸ்கோவின் வானியல் பாடநூல் உருண்டை என்றே சொல்லி, கப்பலின் பாய்மர உச்சியை வைத்து விளக்குகிறது), குளிக்கவே மாட்டார்கள் (பாரிஸில் 1268 வாக்கில் தொகுத்த தொழில் விதிகளில் குளியல் விடுதிக்காரர்கள் தண்ணீர் சூடாகிவிட்டது என்று விடியுமுன் தெருவில் கூவக் கூடாது என்று தடை இருக்கிறது), பிரபுவுக்கு மணப்பெண்ணிடம் முதலிரவு உரிமை, கற்புப் பூட்டு. முப்பது வயதில் எல்லோரும் கிழவர்கள் என்பதும் அப்படித்தான், சராசரியைக் கீழே இழுத்தது சிசு மரணம். திருத்துபவரிடம் அதே கைடு இருந்தால் என்ன செய்வது என்று நண்பன் பயந்தான். நியாயமான பயம். நான் மறுப்பை ஒரே வரியில், சான்றோடு எழுதினேன். அடித்துத் திருத்தும் ஆள் சான்றைப் பார்த்தால் கை நிற்கும் என்று ஒரு குருட்டு தைரியம். அந்த தைரியம் இல்லாதவர்கள் பேசாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோயை எல்லோரும் படித்துவிட்டுத்தான் வருவீர்கள். 1347-ல் மெசினா துறைமுகம், மூன்றில் ஒரு பங்கு மக்கள் செத்தார்கள் என்று எல்லா விடைத்தாளிலும் ஒரே ஆரம்பம். அதை விட்டுவிட்டு அதன் பிறகு தொடங்குங்கள்: ஆள் கிடைக்காமல் கூலி ஏறியது, 1351-ல் இங்கிலாந்து பாராளுமன்றம் பழைய கூலிக்கு மேல் கொடுக்காதே என்று சட்டம் போட்டது, 1363-ல் யார் என்ன துணி உடுத்தலாம் என்று இன்னொரு சட்டம் போட்டது.

மேனர் முறை (பிரபுவின் பண்ணை நிலத்தில் குடியானவர்கள் உழைத்த முறை) கேட்டால் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். குடியானவன் செத்தால் வீட்டின் நல்ல மாடு பிரபுவுக்கு, மகள் கல்யாணத்துக்குப் பிரபுவிடம் கட்டணம், விளைச்சலில் பத்தில் ஒன்று திருச்சபைக்கு, மாவு அரைக்கப் பிரபுவின் ஆலைதான். இந்த நான்கும் இருந்தால் வரைபடம்கூட வேண்டாம். மிச்ச நேரத்தை நாய்க் கதைக்கு வையுங்கள்.