பதினொரு ஐஸ் குச்சிகள்

வாய்ப்புண் என்று யாரிடம் சொன்னாலும் நம் ஊரில் கையோடு மூன்று பதில் வரும்: உடம்பு சூடு, மணத்தக்காளிக் கீரை, பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை. அந்தப் பையனின் அம்மாவிடம் ஒன்பது வருடமாக எல்லோரும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் உட்பட.

நான் அப்போது குழந்தைகள் பல் மருத்துவத்தில் மேற்படிப்பு, இரண்டாம் வருடம். கைவிரல்களெல்லாம் கட்டுப்போட்டு, அம்மா மடியில் உட்கார்ந்திருந்தான். ஒன்பது வயது என்றார்கள், பார்த்தால் ஆறு சொல்லலாம். பெஞ்சில் பக்கத்திலிருந்தவர் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார், தொற்று என்று நினைத்திருப்பார். இது யாருக்கும் ஒட்டாது. எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்று பெயர், சுருக்கமாக ஈ.பி. மேல்தோலை அடித்தோலோடு பிடித்து வைக்கும் நங்கூரம் மாதிரியான இழைகள் ஏழாம் வகை கொலாஜனால் ஆனவை, இவனுக்கு அந்தக் கொலாஜனுக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளுமே பழுது. அப்பா பக்கமிருந்து ஒன்று, அம்மா பக்கமிருந்து ஒன்று. அதனால் லேசாக உரசினாலே தோல் பிரிந்து கொப்புளமாகிவிடும். அந்த அம்மா கட்டிக்கொண்டது தாய்மாமனை. இதைக் கேட்டதும் அறையில் இருந்த எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், அவர் அதையும் கவனித்தார்.

தோலில் நடப்பதெல்லாம் வாய்க்குள்ளும் நடக்கும், வாய்க்குக் கட்டுப் போட முடியாது என்பதுதான் வித்தியாசம். முறுக்கு வேண்டாம், ஒரு வறண்ட பிஸ்கட் போதும், மேலண்ணத்தில் கொப்புளம். உடைந்து ஆறி, தழும்பாகி, மறுபடி உடைந்து, இவனுக்கு நாக்கு கீழ்வாயோடு ஒட்டிப்போயிருந்தது, நாக்கின் மேல்பரப்பு சொரசொரப்பே இல்லாமல் வழவழவென்று இருந்தது, உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே விரல் நுழைகிற இடமே காணோம்.

வந்தது பல்வலிக்கு. சரி, சொத்தையைச் சுத்தம் செய்யலாம் என்று தொடங்கி, எச்சிலை உறிஞ்சும் சக்‌ஷன் குழாயின் நுனியை வழக்கம்போலக் கன்னத்தின் உள்பக்கம் சாய்த்து வைத்தேன். எடுக்கும்போது உள்தோல் அதோடு இழுபட்டு வந்தது. அந்த இடத்தில் ஒரு ரத்தக் கொப்புளம் என் கண்ணெதிரே, நெல்லிக்காய் அளவுக்கு, உப்பிக்கொண்டே போனது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. பையன் அழவில்லை. அம்மாதான், "மேடம், புது ஊசி ஒண்ணு எடுங்க, பெருசாகறதுக்குள்ள குத்தணும். கீழ்ப்பக்கமா குத்துங்க, தானா வடிஞ்சுடும், மேல்தோலை மட்டும் பிச்சுடாதீங்க" என்றார். குத்தினேன். வடிந்தது. ராத்திரி உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டினால் அதே வார்த்தைகள்: கொப்புளம் தானாக நிற்காது, விட்டால் ஓரம் கிழித்துக்கொண்டு பரவும், கிருமி நீக்கிய ஊசியால் குத்தி வடித்துவிட வேண்டும்.

ஈ.பி. உள்ளவர்களின் வாய்ப் பராமரிப்புக்கென்று 2012-இல் இந்த நோயாளிகளுக்கான அமைப்பான டெப்ரா இன்டர்நேஷனல் சார்பில் ஒரு வழிகாட்டி வந்தது, சிலி நாட்டுப் பல் மருத்துவர் சுசான் கிரேமரும் சகாக்களும் எழுதியது. டெப்ரா என்ற பெயரில் முதல் அமைப்பைத் தொடங்கியதும் ஒரு அம்மாதான், 1978-இல் இங்கிலாந்தில் ஃபிலிஸ் ஹில்டன் என்பவர், தன் மகள் டெப்ராவுக்காக. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

அதற்கப்புறம் இவன் வந்தாலே என் மேசை மாறிவிடும். உதட்டிலும், வாய்க்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடியின் விளிம்பிலும், கையுறை விரல்களிலும் வாசலின். பஞ்சை வைத்தால் நனைத்து வைப்பது, எடுக்கும்முன் மறுபடி நனைப்பது, உலர்ந்த பஞ்சை எடுத்தால் தோல் அதோடு வந்துவிடும். சக்‌ஷன் நுனி பல்லின் மேல் மட்டும்தான் சாயும். மரத்துப்போகும் ஊசியை ஆழமாக, ரொம்ப ரொம்ப மெதுவாகப் போட வேண்டும், மேலோட்டமாக வேகமாகப் போட்டால் மருந்தின் அழுத்தமே தோலைப் பிரித்துவிடும். காற்று அடிப்பதே கிடையாது.

புண்ணுக்கு மருந்து என்று பார்த்தால், ஏமாற்றமாகத்தான் இருக்கும், பெரிதாக ஒன்றும் இல்லை. வயிற்று அல்சருக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட் சிரப்பை வாயில் வைத்திருந்து கொப்பளிக்கச் சொல்வேன், புண் மேல் ஒரு படலம் மாதிரி படியும், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் தெம்பு. கிருமிக்கு, ஆல்கஹால் இல்லாத குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு. வாய்ப்புண்ணுக்கென்று டியூபில் வரும் ஒட்டும் பேஸ்ட்டை நான் இவர்களுக்கு எழுதுவதில்லை, விரலால் தேய்க்கிற தேய்ப்பில் இருக்கிற தோலும் போய்விடும்.

புண்ணை விடப் பல்தான் எனக்குக் கவலை. ஈ.பி.யில் சில வகைகள் உண்டு. இவனுடைய டிஸ்ட்ரோஃபிக் வகையில் பல்லின் மேல்பூச்சான எனாமல் நன்றாகவே இருக்கும், ஜங்ஷனல் என்ற வேறொரு வகையில்தான் பிறவியிலேயே குறை. இவன் பல் சொத்தையானது சாப்பாட்டால். பாலில் ஊறவைத்த இட்லி, டீயில் நனைத்த பிஸ்கட், குளுக்கோஸ் தண்ணீர், அதுவும் ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம். துழாவி எடுக்க நாக்கு நகராது, எல்லாம் பல்லிலேயே தங்கும். வலிக்கும் என்று அம்மா பிரஷ்ஷே போட்டதில்லை. யார் குறை சொல்ல முடியும்? சின்னத் தலை உள்ள மிருதுவான பிரஷ், வெந்நீரில் ஊறவைத்து, முதலில் ஒரே ஒரு பல். சொத்தையைத் தடுக்க, மூன்று மாதத்துக்கொருமுறை பல்லில் பூசும் ஃபுளோரைடு வார்னிஷ்.

தழும்பால் சுருங்கிக்கொண்டே போகும் வாய் திறப்புக்கு ஐஸ் குச்சிகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பல்லுக்கு நடுவே வைத்து, எத்தனை நுழைகிறது என்று பார்ப்போம். முதல் நாள் பதினொன்று. அந்த வயதில் மற்றப் பிள்ளைகளுக்கு இருபது தாராளமாக நுழையும். தினமும் வீட்டில் பயிற்சி, நோட்டில் எண்ணிக்கை. ஒரு தடவை பன்னிரண்டு என்று எழுதி வந்தான், அடுத்த தடவை பத்து. ஆறு வருடம் கழித்து இப்போதும் பதினொன்று. பயிற்சி செய்யாவிட்டால் ஏழாகியிருக்கும் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது பதினைந்து வயது. சக்‌ஷன் குழாயை என் கையில் கொடுப்பதில்லை, அவனே வாங்கிப் பல்லின் மேல் வைத்துக்கொள்கிறான். 2023-இல் அமெரிக்காவில் ஈ.பி. காயத்தில் பூசும் ஒரு மரபணு ஜெல்லுக்கு அனுமதி கிடைத்ததை யூடியூபில் பார்த்துவிட்டு, "வாய்க்குள்ள போடலாமா ஆன்ட்டி?" என்று கேட்டான். தோல் காயத்துக்குத்தான் என்றேன். விலையை அவனே சொன்னான்.

ஒவ்வொரு முறையும் கடைசியில் நாக்கின் ஓரத்தையும் ஆறாத புண் எங்காவது இருக்கிறதா என்றும் விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்ப்பேன். கடுமையான இந்த வகையில் பெரியவர்களானபின் உயிரை எடுப்பது பெரும்பாலும் தோல் புற்றுநோய்தான், வாயிலும் வரலாம். போன மாதம், "தினமும் பாக்கற நாக்குதானே, என்ன அவ்வளவு நேரம் பாக்கறீங்க?" என்றான். அம்மாவுக்குத் தெரியும். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.