அத்தை வீட்டை அறக்கட்டளைக்கு எழுதியபோது

அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. மாமா காலமான பிறகு அவர் பெயரில் சின்னதாக ஓர் அறக்கட்டளை தொடங்கி, ஊர்ப் பிள்ளைகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டி வந்தார். தஞ்சைப் பக்கம் இருக்கும் தன் வீட்டையும் அதற்கே எழுதி வைத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அறங்காவலர்கள் மூன்று பேர்: அத்தை, என் பெரியப்பா மகன், பக்கத்துத் தெரு ஓய்வுபெற்ற வாத்தியார். அண்ணன்தான் நிர்வாக அறங்காவலர். பத்திர வேலையை என்னிடம் விட்டார்கள்.

ஆவண எழுத்தர் தானப் பத்திரத்தின் வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எழுதி வாங்குபவர் என்ற இடத்தில் அண்ணன் பெயர், பெரியப்பா பெயர், வயது, ஆதார் எண், அண்ணனின் வீட்டு முகவரி. அறக்கட்டளை என்ற சொல்லே மூன்றாம் பக்கத்தில்தான் வந்தது. கடைசியில் வழக்கமான வாசகம்: “தாங்களும் தங்கள் வாரிசுகளும் புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திரத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.”

அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். “புத்திர பௌத்திரன்னா யாருடா? உங்க அண்ணன் பிள்ளைங்களா?” என்று கேட்டார்.

ஆமாம், அதுதான் அர்த்தம். அண்ணன் தங்கமானவர். ஆனால் இருபது வருஷம் கழித்து வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் பெயர் மட்டும் இருந்தால் அது அவருடைய சொந்த வீடாகத்தான் தெரியும். அவர் காலத்துக்குப் பின் வாரிசுகள் பங்கு கேட்டு வந்து நிற்கலாம்.

சரி, அறக்கட்டளை பெயரை மட்டும் போட்டுவிடலாமே என்று வக்கீலிடம் கேட்டேன். அதுவும் போதாது என்றார். கம்பெனி மாதிரி அறக்கட்டளை தனி ஆள் கிடையாது. சொத்தை அறங்காவலர்கள்தான் அதன் நோக்கத்துக்காக வைத்திருக்கிறார்கள். அதனால் அறக்கட்டளை பெயர், அதன் பத்திர எண், வருடம், பான் எண் எல்லாம் முதலில். அப்புறம் “அதன் நிர்வாக அறங்காவலர் என்ற முறையில்” என்று போட்டு அண்ணன் பெயர். முகவரியும் அறக்கட்டளையுடையது. புத்திர பௌத்திரர்கள் இருந்த இடத்தில் “அறங்காவலர்களும் அவர்களுக்குப் பின் அப்பொறுப்புக்கு வருபவர்களும், அறக்கட்டளைப் பத்திரத்தில் கண்ட நோக்கங்களுக்கு மட்டும்” என்று வந்தது. விக்கிரயத்தையும், அதாவது விற்கும் உரிமை பற்றிய வாசகத்தையும், எடுத்துவிட்டோம். மூன்று பேரும் கையெழுத்துப் போடாமல் எதையும் விற்கக் கூடாது என்று எங்கள் அறக்கட்டளைப் பத்திரத்திலேயே இருக்கிறது.

ஆவண எழுத்தருக்கு இது பிடிக்கவில்லை. “பழைய மாதிரியே குடுத்தாலும் ஆபீஸ்ல திருப்ப மாட்டாங்க சார்” என்றார். திருப்பமாட்டார்கள்தான். பதிவும் ஆகிவிடும். ஆனால் பிறகு திருத்த வேண்டுமென்றால் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும், அதற்கு அத்தை வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு 78 வயது.

இன்னொரு முடிச்சும் இருந்தது. வீட்டைக் கொடுப்பவரும் அத்தை, வாங்கும் அறக்கட்டளையின் அறங்காவலர்களில் ஒருவரும் அத்தை. அதனால் அவர் சொந்த ஹோதாவில் எழுதிக் கொடுப்பவராக மட்டும் கையெழுத்துப் போட்டார். தானத்தை ஏற்றுக்கொள்வதாக மற்ற இருவரும் தீர்மானம் எழுதி, அண்ணனுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி, தானத்தைக் கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே ஏற்றாக வேண்டும். ஏற்றுக்கொண்ட வரியையும் பத்திரத்துக்குள்ளேயே சேர்த்தோம். சாட்சிக்கு இரண்டு பேர், போட்டோ, கைரேகை, எல்லாம் ஒரே காலையில் முடிந்தது. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு உள்ள சலுகை இதற்குக் கிடையாது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் கட்டினோம்.

அத்தோடு முடியவில்லை. பட்டா அண்ணன் பெயரிலேயே வந்தது, அறக்கட்டளை என்ற சொல்லே இல்லாமல். தானப் பத்திரம், அறக்கட்டளைப் பத்திரம், தீர்மானம் மூன்றின் நகலையும் வைத்து மனு கொடுத்துத் திருத்தி வாங்கினோம்.

திருத்திய பட்டாவை அத்தையிடம் கொடுத்தபோது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயர் இருக்கும் இடத்தை மட்டும் இரண்டு முறை படித்தார். கொல்லைப்புற மனை தனிச் சர்வே எண்ணில் இருக்கிறது. அதை அடுத்த மாதம் எழுதுகிறோம்.