பெரியப்பாவின் பதக்கங்களுக்குச் சட்டம் போட்ட கதை

பெரியப்பாவின் பட்டாளத்துப் பதக்கங்கள் ஒரு மைலோ டப்பாவில் கிடந்தன. போன வருடம் சுங்கை சிப்புட் வீட்டில் சாமான் ஒழிக்கும்போது அந்த டப்பா என் கையில் சிக்கியது. உலோகம் பச்சை பூத்து, நாடாக்கள் பூச்சி அரித்து நூலாகத் தொங்கின. "கெடந்துட்டுப் போவுது தம்பி, அத வச்சி என்னா செய்யப்போற" என்றார். 22 வருடம் மலேசியப் பட்டாளத்தில் வேலை பார்த்த மனிதர் சொல்கிற பேச்சா அது?

சரி, ஒரு கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிடலாம், அப்படியே முன்னாள் வீரர் அட்டையும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு வாரத்தில் முடியும் என்பது என் கணக்கு. ஐந்து மாதம் ஆனது.

முதல் சிக்கல் பெயர். தோட்டத்தில் பிறந்த அந்தக் காலத்து ஆட்களுக்கெல்லாம் இருக்கும் அதே சிக்கல்தான். தோட்டத்து எழுத்தரான கிராணி காதில் விழுந்தபடி எழுதியது ஒரு பெயர், ஐசி என்கிற அடையாள அட்டையில் ஏறியது இன்னொன்று. பெரியப்பாவின் பணி முடிவுச் சான்றிதழில் இரண்டு 'எம்', ஐசியில் ஒரே 'எம்'. 'மகன்' என்பதற்கு அங்கே 'எஸ்/ஓ', இங்கே 'ஏ/எல்'. ஓய்வூதியம் பழைய கோப்பை வைத்து அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்ததால் இத்தனை வருடம் யாரும் கவனிக்கவில்லை. ஈப்போ அலுவலகத்தில் அட்டைக்கான விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தபோதுதான் முகப்பில் இருந்த பெண் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒரே ஆள்தான் என்று சுராட் அக்குவான் வேண்டும் என்றார். சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் போய்க் கையெழுத்துப் போடும் உறுதிமொழிக் கடிதம் அது. நான் சான்றிதழின் நகலை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன், மூலம் எங்கே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தப்பு என் மேல்தான். இந்த வேலைக்குக் கிளம்புகிறவர்கள் மூலப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு எடுத்துப் போங்கள்.

அதைவிட முக்கியம் பட்டாள நெம்பர். பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காத ஆள் நெம்பரைச் சொன்னதும் திரையில் வந்துவிட்டார். பெரியப்பாவுக்குக் காலையில் பசியாறினாரா என்பதே சில நாள் மறந்துபோகும். நெம்பரைக் கேட்டதும் முதுகை நிமிர்த்தி, மலாயில், ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். முகப்புப் பெண் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

ஈப்போவுக்குப் போய்வந்த அந்தக் கார் பயணங்கள்தான் எனக்குக் கிடைத்த லாபம். வீட்டில் வாயே திறக்காதவர் வண்டியில் பேசினார். 1948 ஜூன் 16 அன்று இங்கே பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அதையொட்டித்தான் அவசரகாலமே வந்தது. அப்போது பெரியப்பாவுக்கு ஐந்து வயது. ஊரடங்கும் அளந்து கொடுத்த அரிசியுமாக வளர்ந்த பையன், லயத்து (தோட்டக் குடியிருப்பு) வாசலில் நடந்துபோன சிப்பாய்களைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆசை வந்தது என்றார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் மேற்பார்வை பார்க்கும் தண்டலிடம் திட்டு வாங்குவதற்குப் பட்டாளத்துப் பெரட்டே மேல் என்று 1963இல் ஓடிப்போய்ச் சேர்ந்திருக்கிறார். போர்ட்டிக்சனில் பயிற்சி, அப்புறம் சமிக்ஞைப் பிரிவு. இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த காலத்தில் சரவாக். எழுபதுகளில், கிரீக்கிலிருந்து ஜெலி வரை கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை போட்டபோது அங்கே காவல் நின்ற படையோடு காட்டில். கம்யூனிஸ்டுகள் அந்தச் சாலையை வரவிடாமல் தாக்கிக்கொண்டிருந்த சமயம். ரேடியோ, மாற்று பேட்டரி, அரிசி எல்லாம் முதுகில். "துப்பாக்கிகூட கனமில்லப்பா, பேட்டரிதான் கனம்" என்றார். 1982இல் சாலை திறந்தது. நாங்கள் குடும்பத்தோடு கோத்தா பாருவுக்கு எத்தனையோ தடவை அதில் போயிருக்கிறோம். ஒரு தடவைகூட அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சுராட் அக்குவான் கொடுத்த பிறகு அட்டை சிக்கலில்லாமல் வந்துவிட்டது.

பதக்கங்களுக்குப் புது நாடா வாங்கினோம். 2004இல் ஏற்படுத்தப்பட்ட பிங்காட் ஜாசா மலேசியா என்ற சேவைப் பதக்கம்தான் பளபளவென்று இருந்ததால் அதை முதலில் வைத்து ஒரு வரிசை போட்டேன். பெரியப்பாவின் கூட்டாளி ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். எது பளபளக்கிறது என்பதா கணக்கு? இடது மார்பில் குத்தும்போது மூத்த பதக்கம் நெஞ்சின் நடுப்பக்கம் வர வேண்டும், எதிரில் நிற்பவருக்கு அது இடது கோடியில் தெரியும். அவரே உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தார்.

சட்டம் ஜூலை கடைசி வாரம் தயாரானது. வெல்வெட் துணி, பசை போட்டு ஒட்டிய பதக்கங்கள், பின்னால் ஆணி அடித்த பலகை. குடும்பமே கைதட்டியது. பெரியப்பா கண்ணாடியை இரண்டு தடவை விரலால் தட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. முப்பத்தொண்ணாந்தேதி எதக் குத்திக்கிட்டுப் போறது?"

ஜூலை 31, வீரர் தினம். அவசரகாலம் 1960இல் முடிந்த நாள். 'கெடந்துட்டுப் போவுது' என்றவருக்கு அன்றைக்குப் போக ஆசை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் காலையில் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஆணியைப் பிடுங்கி, பசையைச் சுரண்டி, பின்பலகைக்குக் கீலும் கொக்கியும் வைத்துக் கொடுத்தார். அதற்குத் தனியாக 35 வெள்ளி.