துருவ ஒளிப் பாடத்தை உயரத்தை வைத்துப் படியுங்கள்

எம்.எஸ்சி. இயற்பியலில் விண்வெளி இயற்பியலை விருப்பப் பாடமாக எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு யோசனை. துருவ ஒளியை, அதாவது துருவங்களுக்கு அருகே இரவு வானில் தெரியும் அரோராவை, நிறம் நிறமாக மனப்பாடம் செய்யாதீர்கள். கும்பகோணத்து மொட்டை மாடியிலிருந்து அது தெரியப்போவதில்லை, அதனால் மனப்பாடம் செய்தது தேர்வறையில் நிற்காது. நான் வெள்ளைத்தாளை நீளவாக்கில் வைத்து, ஓரத்தில் கிலோமீட்டர் அளவுகோல் வரைந்து, படித்ததையெல்லாம் அதிலேயே குறித்தேன்.

100 முதல் 120 கி.மீ. வரை பச்சை, அலைநீளம் 557.7 நானோமீட்டர். 200 கி.மீ.க்கு மேலே சிவப்பு, 630. இரண்டும் ஆக்சிஜன் அணு தருவதுதான். அப்புறம் ஏன் உயரம் மாறுகிறது? மதிப்பெண் இங்கேதான். பச்சைக்கான கிளர்வு நிலை (அணு கூடுதல் ஆற்றலோடு இருக்கும் நிலை) முக்கால் விநாடியில் ஒளியை விட்டுவிடும். சிவப்புக்குச் சுமார் 110 விநாடி வேண்டும். மகாமகக் கூட்டத்தில் யாரும் இடிக்காமல் இரண்டு நிமிடம் நிற்க முடியுமா? கீழே காற்று அடர்த்தி அதிகம், ஒளி வருவதற்குள் மோதலில் ஆற்றல் போய்விடும்.

வைவாவில் என்னைக் கேட்டது: 2024 மே மாதப் புவிகாந்தப் புயலின்போது (சூரியனிலிருந்து வந்த துகள்கள் பூமியின் காந்தப்புலத்தைக் குலைத்தபோது) லடாக்கின் ஹான்லேயில் ஏன் சிவப்பு பதிவானது? பூமியின் ஆரத்தை உயரத்தால் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் எடுங்கள். 300 கி.மீ. உயரத்து ஒளி சுமார் 1,950 கி.மீ. தள்ளி இருப்பவருக்கும் தெரியும், 110 கி.மீ. உயரத்து ஒளி 1,180 வரைதான். இது பாதி விடை. சிவப்பைத் தூண்ட 1.96 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் போதும், பச்சைக்கு 4.19 வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுமை.

மேலிருந்து பாய்ந்து வந்து அணுக்களில் மோதி இந்த ஒளியை உண்டாக்கும் எலக்ட்ரான்கள் வேகம் பெறும் இடத்தைப் பலரும் ஒளி தெரியும் உயரத்திலேயே வரைகிறார்கள். அது பல ஆயிரம் கி.மீ. மேலே, காந்தப்புலக் கோட்டின் வழியே மின்புலம் இருக்கும் பகுதி. அங்கிருந்து 1 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டோடு வருவது 150 கி.மீ. அருகில் நின்றுவிடும், 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டோடு வருவது 100 வரை இறங்கும்.

பாடத்தில் மின்னோட்டம் பற்றிய பகுதியைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். 105 கி.மீ. பக்கம் அயனிகளை நடுநிலைக் காற்று இழுத்துப் பிடிக்கிறது, எலக்ட்ரான்களோ காந்தப்புலத்துக்குக் கட்டுப்பட்டு நகர்கின்றன. அதுதான் ஹால் மின்னோட்டம். ஏறக்குறைய அதே உயரத்தில் தென்னிந்தியாவின் தென்கோடிக்கு மேலேயும் ஒரு மின்தாரை ஓடுகிறது. 1963இல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் வந்தது காந்த நடுக்கோடு அருகில் இருந்ததால்தான். இதிலிருந்து ஒப்பிட்டு எழுதச் சொன்னால் உயரத்தோடு மின்கடத்துதிறன் மாறுவதைக் காட்டும் ஹால், பெடர்சன் (மின்புலத்தின் திசையிலேயே ஓடும் மின்னோட்டத்துக்கானது) இரண்டு வளைகோடுகளையும் வரைந்துவிடுங்கள். பெடர்சன் உச்சம் 125 கி.மீ. பக்கம் வரட்டும்.