இலையிலிருந்து வரும் மெதேன்

மட்டக்களப்பின் படுவான்கரையில் எங்கள் வயல் இருக்கும் வட்டையில், பயிர் முழங்காலளவு வளர்ந்து தண்ணீர் கட்டி நிற்கும் நாள்களில் புல்லுப் பிடுங்க இறங்கினால், கால் புதைந்த இடத்தைச் சுற்றிச் சேற்றுக்குள்ளிருந்து குமிழிகள் எழும்பி வந்து உடையும். அந்தக் குமிழிகளில், பூமியின் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் மெதேன் வாயு இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் ஒட்சிசன் எட்டாத சேற்றில் வாழும் நுண்ணங்கிகள் அதை உண்டாக்குகின்றன. நெற்பயிரின் தண்டுக்குள் உள்ள காற்றுக் குழாய்கள் வழியாகவும் அது மேலே வந்து வளியில் கலக்கிறது. உயிரினங்கள் மெதேனை உண்டாக்குவதற்கு ஒட்சிசன் இல்லாத இடம் கட்டாயம் வேண்டும் என்றுதான் நானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

2006 ஜனவரியில், ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரிலுள்ள மக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த பிராங்க் கெப்லரும் அவருடைய குழுவினரும் நேச்சர் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. பறித்த இலைகளும் முழுச் செடிகளும், ஒட்சிசன் தாராளமாக உள்ள காற்றிலேயே, நுண்ணங்கிகளின் துணையின்றி மெதேனை வெளிவிடுகின்றன என்று அவர்கள் எழுதினார்கள். வெப்பநிலை 10 பாகை கூடும்போதெல்லாம் வாயுவின் அளவு ஏறத்தாழ இரட்டித்தது. 70 பாகையிலும் அது நிற்கவில்லை. உயிர்க்கலங்களில் இரசாயன வேலைகளை நடத்தும் நொதியங்களில் பெரும்பாலானவை அவ்வளவு சூட்டில் சிதைந்துவிடும் என்பதால், இது நொதியங்களின் வேலையன்று, நேரடியான இரசாயனத் தாக்கம் என்ற எண்ணம் அப்போதே வலுத்தது.

அந்தத் தாக்கத்துக்கு மூலப்பொருள் எது? அம்மா கொய்யாப்பழத்தை அவித்துச் சீனியும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துக் கிண்டும்போது, முதலில் தண்ணீர்போல ஓடுகிற பாகு ஆறியதும் அகப்பையில் ஒட்டிக்கொண்டு இறுகும். அப்படி இறுக வைப்பது பெக்டின் என்னும் பொருள். எல்லாத் தாவரங்களின் கலச்சுவர்களிலும், கலத்தையும் கலத்தையும் ஒட்டிவைக்கும் சாந்துபோல, அது இருக்கிறது. அதன் மூலக்கூறில் ஆங்காங்கே ஒட்சிசனோடு இணைந்து மெதைல் கூட்டங்கள் தொங்குகின்றன. ஒரு காபனும் மூன்று ஐதரசனும் கொண்ட அந்தக் கூட்டம் அறுந்து வந்து இன்னோர் ஐதரசனைப் பிடித்துக்கொண்டால், அதுவே மெதேன். 2008இல் கெப்லரின் குழுவினர், இந்தக் கூட்டங்களிலிருந்த சாதாரண ஐதரசனுக்குப் பதிலாகப் பாரமான ஐதரசனாகிய தியூத்திரியத்தை வைத்த பெக்டினைச் சூடாக்கியும் புறஊதா ஒளியில் வைத்தும் பார்த்தபோது, வெளிவந்த மெதேனில் அந்தத் தியூத்திரியம் இருந்தது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அடையாளம் இட்ட மாடு எந்தப் பட்டியிலிருந்து வந்தது என்பதில் வாதத்துக்கு இடமில்லை அல்லவா?

கூட்டத்தை அறுப்பதில் முக்கிய பங்கு வகிப்பவை தாக்குதிறன் மிகுந்த ஒட்சிசன் வடிவங்கள். கடும் வெயிலிலும் வறட்சியிலும் இலைக்குள் அவை பெருகுகின்றன. ஆகவே ஒட்சிசன் இங்கே தடையாக நிற்கவில்லை, வேலையையே அதுதான் செய்கிறது. 2022இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, கலங்களுக்குள் இரும்பும் ஐதரசன் பெரொட்சைட்டும் சந்திக்கும்போது, கந்தகத்தோடோ நைதரசனோடோ இணைந்த மெதைல் கூட்டங்களும் இவ்வாறே மெதேனாகின்றன என்றும், பற்றீரியா முதல் மனிதக் கலங்கள் வரை இது நடக்கிறது என்றும் காட்டியது.

எதிர்ப்பும் இருந்தது. 2007இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், காபன் 13 என்னும் பாரமான காபனைக் கொண்ட காபனீரொட்சைட்டு வாயுவில் வளர்த்த செடிகளில் குறிப்பிடத்தக்க மெதேன் எதையும் காணவில்லை. 2009இல் வேறொரு குழு, மண்நீரில் கரைந்திருந்த மெதேனைத்தான் செடிகள் உறிஞ்சி இலைவழியே விடுகின்றன என்றது. அந்த வழியும் உண்மையே. ஆனால் தியூத்திரியச் சோதனையை அதனால் விளக்க முடியாது. மாறாக, உலகத் தாவரங்கள் ஆண்டுக்கு 6.2 கோடி முதல் 23.6 கோடி தொன் வரை மெதேன் விடக்கூடும் என்ற கெப்லரின் முதற் கணக்கு மிகவும் கூடுதலானது என்பதைப் பின்வந்த கணிப்புகள் உணர்த்தின. அந்தத் தொகையைப் பிடித்துக்கொண்டு மரங்கள்தான் பூமியைச் சூடாக்குகின்றன என்று எழுதியவர்கள் மீது எனக்கு உண்மையில் கோபம் உண்டு. அந்த ஆய்வாளர்களே அப்படிச் சொல்ல முடியாது என்று உடனடியாக மறுத்திருந்தார்கள். காடுகள் தொழிற்சாலைகளுக்கு எவ்வளவோ முன்பிருந்தே இலைவிட்டு நிற்கின்றன. இரண்டரை மடங்குக்கு மேல் பெருகிவிட்ட இன்றைய மெதேன் அவற்றின் கணக்கில் சேராது.

சிறுபோகத்தில் எங்கள் வாய்க்காலுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் வரும். முறை தள்ளிப்போய் வயல் காய்ந்து, சேறு பாளம் பாளமாக வெடிக்கும்போது, வெடிப்புகளுக்குள் காற்று இறங்கி அந்த நுண்ணங்கிகளை அடக்கிவிடுகிறது. கால் வைத்தாலும் குமிழி எழும்பாது. அதே நேரத்தில், கச்சான் காற்றில் நுனி சுருண்டு நிற்கும் நெல்லிலைகள், சேற்றோடு ஒப்பிட முடியாத மிகச் சிறிய அளவில், தங்கள் சொந்த மெதேனை வெயிலுக்குள் விட்டுக்கொண்டிருக்கும்.