100 ரூபாய்க் குளியல், 1,500 ரூபாய்ச் சண்டை

லடாக் போய்த் திரும்பி மூன்று நாள்தான் ஆகிறது. உதட்டு வெடிப்பு ஆறவில்லை, மூக்கு நுனியில் தோல் உரிகிறது, கார்டு பில் மட்டும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. பாங்காங் ஏரி நீலமாக இருக்கிறது, அதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது வெந்நீர் ஊற்றைப் பற்றி. எப்படிப் போவது, அங்கே என்ன செலவு என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

நான், மனைவி, மச்சினன் மூன்று பேர். லே ஊரே 11,500 அடி உயரம், அதனால் முதல் இரண்டு நாள் படுத்தே கிடந்தோம் (கிடந்தே ஆக வேண்டும், வீரம் காட்டாதீர்கள்). மூன்றாம் நாள் சோ மோரிரி ஏரிக்கு இரண்டு நாள் பயணமாக வண்டி பேசினோம். 12,000 ரூபாய். வாடகையெல்லாம் அச்சடித்த பட்டியல்படிதான், பேரம் பேச வழியில்லை, வெளியூர் வாடகை வண்டியில் சுற்றவும் விட மாட்டார்கள். அந்தத் தொகையைக் கேட்டதும் என் நெஞ்சு அடைத்ததற்கு ஆக்சிஜன் குறைவு மட்டும் காரணமில்லை.

காரு, உப்ஷி தாண்டினால் சிந்து நதி கூடவே வருகிறது. இரண்டு பக்கமும் ஊதாவும் பச்சையும் துருநிறமுமாக மொட்டை மலைகள், புல் பூண்டு கிடையாது. லேயிலிருந்து 140 கிலோமீட்டர் வாக்கில் சுமாதாங். ஊர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, நான்கைந்து சாப்பாட்டுக் கடை, தங்கும் அறைகள், அவ்வளவுதான். ஆனால் ஆற்றங்கரைக்கு இறங்கிப் பார்த்தால் கற்களுக்கு நடுவே தண்ணீர் கொப்பளித்து ஆவி பறக்கிறது. இரண்டடி தள்ளிச் சிந்து, விரலை வைத்தால் மரத்துப்போகும். இங்கே வைத்தால் வெந்துபோகும்.

கடைக்கார அம்மா முட்டையை வலைப்பையில் போட்டு ஊற்றில் இறக்கிவிட்டு நமக்கு டீ போடப் போய்விடுகிறார். இருபது நிமிடம் கழித்து எடுத்தால் முட்டை ரெடி. முட்டை ஒன்று 25 ரூபாய், கேஸ் செலவே இல்லாமல் வேகவைத்த முட்டைக்கு இது அதிகம்தான், ஆனால் மூன்று பேரும் ஆளுக்கு மூன்று தின்றோம். லேசாகக் கந்தக வாடை, உப்பும் மிளகும் போட்டால் தெரியவில்லை.

இன்னொரு விஷயம். லடாக்கில் மரியாதைக்குப் பெயருக்குப் பின்னால் 'லே' சேர்க்க வேண்டும். அம்மா வயதுக்காரரை 'ஆமா-லே' என்று கூப்பிட வேண்டும். திருநெல்வேலிக்காரனுக்கு இது பெரிய சோதனை. எங்கள் ஊரில் வயதில் மூத்தவரை 'லே' போட்டால் பல்லு இருக்காது. ஒவ்வொரு முறையும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் கூப்பிட்டேன், அவரோ பூரித்துப்போய் இன்னொரு டீ ஊற்றினார், உப்பும் வெண்ணெயும் போட்ட குர்குர் சாய். டீ என்று நினைத்துக் குடித்தால் குமட்டும், சூப் என்று நினைத்துக்கொண்டால் இறங்கிவிடும்.

குளியலுக்கு வருவோம். கடைக்குப் பின்னால் சிமெண்ட் அறை, தாழ்ப்பாள் பாதி உடைந்தது, உள்ளே தொட்டி. ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வழியே விட்டு, குளிர்ந்த தண்ணீர் கலந்து நாமே பதம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு 100 ரூபாய். நாள்கணக்கில் குளிக்காத உடம்பு, லே விடுதியில் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் வரும் வெதுவெதுத் தண்ணீரில் முகம் கழுவியதோடு சரி. கழுத்துவரை உட்கார்ந்தேன். தண்ணீர் வழவழவென்று எண்ணெய் தேய்த்த மாதிரி இருக்கிறது, சோப்புப் போடவே தோன்றவில்லை. ஜன்னல் என்று ஒரு ஓட்டை, அது வழியாகச் சிந்து ஓடுகிறது. இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு முழுசாகத் திரும்பக் கிடைத்தது இது ஒன்றுதான். பத்து நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள், அந்த உயரத்தில் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். எனக்குச் சுற்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மூட்டுவலி, தோல் நோய் என்று லடாக்கிகளே தேடி வந்து இந்தத் தண்ணீரில் உட்காருகிறார்கள். இந்தியாவைச் சுமக்கும் நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவோடு முட்டித் தைத்துக்கொண்ட இடம் இந்தப் பள்ளத்தாக்கு, அந்தத் தையல் வழியாகத்தான் பூமிச் சூடு கசிகிறது. உருகிய பனி உள்ளே இறங்கிச் சுட்டு மேலே வருகிறது, வரும்போது கண்ட உப்புகளையும் கரைத்துக்கொண்டு வருகிறது.

சரி, சண்டை. மாஹே பாலத்தில் பயண அனுமதிக் காகிதம் காட்டிவிட்டு (நகல் நாலைந்து எடுத்து வையுங்கள்) சும்தோ வந்தால் பாதை பிரிகிறது. இடப்பக்கம் சோ மோரிரி, வலப்பக்கம் புகா பள்ளத்தாக்கு. லேயில் பேசும்போதே புகாவையும் சேர்த்துச் சொல்லியிருந்தேன், டிரைவரும் தலையாட்டினார். இங்கே வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, "சார், இது லிஸ்ட்டில் இல்லை, 1,500 கூட." எத்தனை கிலோமீட்டர்? சில கிலோமீட்டர்! என் இந்தியில் 'நஹி'யும் 'கியூங்'கும்தான் இருக்கிறது, அதை வைத்து எவ்வளவு நேரம் சண்டை போட முடியும்? போனுக்கும் உயிரில்லை, வெளிமாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. கடைசியில் 1,000-க்கு முடிந்தது. மச்சினன், "அத்தான், மதுரை மாட்டுத்தாவணி ஆட்டோ எவ்வளவோ தேவலாம்" என்றான். ஆட்டோவாவது பேசியபடி போகும்.

ஆனால் புகா! 14,000 அடிக்கு மேலே, தரையெல்லாம் உப்பளம் மாதிரி வெள்ளை பூத்துக் கிடக்கிறது, அங்கங்கே மஞ்சள் கந்தகம். குனிந்து அந்த வெள்ளையைக் கிள்ளி எடுத்தேன், போராக்ஸ். அதாவது நம் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் வெங்காரம். வாய்ப்புண்ணுக்குப் பொரித்துத் தேனில் குழைத்து ஆச்சி தடவுவாளே, அதே. இங்கே அது ஒரு பள்ளத்தாக்கு முழுக்கச் சும்மா கிடக்கிறது. ஊற்றுத் தண்ணீர் 84 டிகிரி வரை சுடுமாம், அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே ஏறத்தாழ அந்தச் சூட்டில்தான். ஆக, பூமியே உலை வைத்திருக்கிறது.

இது சாங்பா நாடோடிகளின் மேய்ச்சல் நிலம். பஷ்மினா கம்பளி தரும் ஆடுகளை வளர்ப்பவர்கள் இவர்கள்தான், லடாக்கில் 1989-ல் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்த எட்டுச் சமூகங்களில் ஒன்று. யாக் மயிரில் நெய்த கறுப்புக் கூடாரம் ஒன்று தூரத்தில் தெரிந்தது, ஆடுகள் ஊற்றோரப் பச்சையில் மேய்ந்துகொண்டிருந்தன. அவர்கள் பிள்ளைகளுக்கு இங்கேயே உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க 2021-ல் அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி ஒப்பந்தம் போட்டிருக்கிறது, முதல் கட்டம் ஒரு மெகாவாட். மின்சாரம் வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்தப் பச்சை ஒரு கைக்குட்டை அகலம்தான், அதை நம்பித்தான் அத்தனை ஆடும்.

ஊற்றும் ஓடையும் கலக்கும் இடத்தில் பதமான சூடு. மனைவி கொலுசோடு காலை விட்டு அரைமணி நேரம் உட்கார்ந்தாள், டிரைவர் ஹாரன் அடித்தும் எழுந்திருக்கவில்லை. "ஆயிரம் ரூபாய் கொடுத்திருக்கோம்ல, இருக்கட்டும்" என்றாள்.

சோ மோரிரி, தங்கல், மீதிச் செலவுக் கணக்கெல்லாம் இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும், வெள்ளி நகையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள். அன்று ராத்திரி சோ மோரிரிக் கரை ஊரான கோர்சோக்கில் டார்ச் அடித்துப் பார்த்தால் கொலுசு அடுப்புக்கரி மாதிரி கறுத்துப்போயிருந்தது, கந்தக வேலை. அந்த ஊரில் புளிக்கு எங்கே போக? நேற்றுதான் வீட்டில் புளி போட்டுத் தேய்த்தாள். ஒரு கால் கொலுசு வெளுத்துவிட்டது, இன்னொன்று இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.