சி18 கதை: கார்பன் சதவீதம் காலை வாரிய விதம்

கலவைகளைப் பிரிக்கும் குரோமட்டோகிராஃபி குழாயில் நிரப்ப, சிலிக்கா துகள்களில் சி18 என்ற 18 கார்பன் சங்கிலியைப் பிணைப்பதைப் பற்றிக் கட்டுரைகளில் இரண்டு வரிதான் இருக்கும். உலர்த்தினோம், டொலுவீனில் சிலேனோடு (சங்கிலியைச் சிலிக்காவில் ஒட்டும் சிலிக்கன் சேர்மம்) ரீஃப்ளக்ஸ் செய்தோம் (ஆவி குளிர்ந்து திரும்பி வடியும்படி கொதிக்கவைத்தோம்), கழுவினோம், அவ்வளவுதான். நடுவில் விட்டதெல்லாம் செய்கிறவன் தலையில்தான் விடியும்.

அமிலத்தில் சூடாக்கி உலோக மாசை எடுத்தது, கழுவியது, வெற்றிடத்தில் 120 டிகிரியில் உலர்த்தியது எல்லாம் சுமுகமாக முடிந்தன. நன்றாகக் காயட்டும் என்று 200 டிகிரியைத் தாண்டிவிடாதீர்கள். சிலிக்கா மேற்பரப்பில் பக்கத்துப் பக்கத்துச் சிலனால்கள் (Si–OH குழுக்கள்) தங்களுக்குள் இணைந்து சிலாக்சேனாகிவிடும் (Si–O–Si). சிலேன் பிடிக்க இடம் குறையும்.

வில்லங்கம் பாட்டிலில் வந்தது. செய்முறை கேட்டது ஆக்டாடெசைல் டிரைகுளோரோசிலேன். வந்த பாட்டிலின் கழுத்தில் வெள்ளைப் பொருக்கு தட்டியிருந்தது, ஈரம் புகுந்தாயிற்று. “சீல் உடையலையே சார், மாத்தித் தர முடியாது” என்றார் விற்றவர். வேறு வழியில்லை, அதையே பயன்படுத்தினோம்.

மூன்று குளோரின் உள்ள சிலேன் ஈரத்தைக் கண்டால் தனக்குள்ளேயே கோத்துக்கொண்டு பாலிமராகும், துளைகளை அடைக்கும். வினைபுரியாமல் மிஞ்சிய குளோரினோ கழுவும் நீரில் புதுச் சிலனாலாக மாறும். எதை மறைக்க இத்தனை பாடுபட்டோமோ, அதையே கூடுதலாகச் செய்து வைத்த கதை.

கார்பன் அளவு பார்க்க அனுப்பிய சாம்பிள் திறக்காமலே திரும்பி வந்தது. படிவத்தில் ‘மூலக்கூறு வாய்பாடு’ என்ற கட்டம் காலியாம். மேலே கரிமச் சங்கிலி ஒட்டிய சிலிக்காவுக்கு எந்த வாய்பாட்டை எழுதுவது? கவுன்ட்டரில் இருந்தவருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. “எதிர்பார்க்கும் கார்பன் 15–20%, மீதி சிலிக்கா” என்று எழுதிக் கொடுத்ததும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.

ரிப்போர்ட் பிரமாதம். அதுதான் ஏமாற்று. பாலிமரும் கார்பன்தான், சரியாகக் காயாத டொலுவீனும் கார்பன்தான். குழாயில் அடைத்து, காரத்தன்மையுள்ள மருந்தான அமிட்ரிப்டிலினை ஏற்றியபோது, மறையாத சிலனால்கள் அதைப் பிடித்து இழுக்க, பீக் வாலை நீட்டிக்கொண்டு போனது. கூடவே அழுத்தமும் ஏறியது. செய்முறை சொன்ன மேக்னடிக் ஸ்டிரர் செய்த வேலை அது: அடியில் உருண்ட காந்தக் குச்சி துகள்களை அம்மியில் வைத்தது போல அரைத்திருந்தது. மைக்ரோஸ்கோப்பில் உருண்டைகளுக்கு நடுவே உடைந்த சில்லுகள். அவைதான் ஃபிரிட்டை (குழாய் முனையின் வடிகட்டியை) அடைத்தவை. மேலிருந்து மெதுவாகக் கலக்கும் ஸ்டிரர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

அடுத்த முறை ஒரே குளோரின் உள்ள ஆக்டாடெசைல் டைமெத்தில் குளோரோசிலேன், புதிதாக உலர்த்திய டொலுவீன், வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடைப் பிடிக்க இமிடசோல் என்ற காரம். இந்தச் சிலேன் தண்ணீரோடு சேர்ந்தாலும் இரண்டு மூலக்கூறு இணைந்த டைமரோடு நின்றுவிடும், கழுவினால் போய்விடும். கழுவும் வரிசை முக்கியம்: முதலில் சூடான டொலுவீன், பிறகு மெத்தனால், பிறகு மெத்தனாலும் நீரும், கடைசியில் அசிட்டோன். மெத்தனாலில் கஞ்சத்தனம் பிடித்தால் இமிடசோல் உப்பு உள்ளேயே தங்கிவிடும்.

இதிலும் எல்லாச் சிலனாலும் மறையாது. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 8 மைக்ரோமோல் சிலனால் இருக்க, பருத்த சி18 சங்கிலி 3.5 வரை வந்தாலே பெரிய விஷயம். அதற்கு மேல் இடம் கொடுக்காது. அதனால் மிஞ்சிய சிலனால்களைச் சிறிய டிரைமெத்தில் குளோரோசிலேனால் மூடும் எண்ட்கேப்பிங். அதற்கு முன்பே ஒரு கரண்டி தனியாக எடுத்து வைத்து, இரண்டுக்கும் கார்பன் பாருங்கள். பிறகு சேரும் மெத்தில் கார்பன் சி18 கணக்கில் கலந்துவிட்டால் பிரித்தெடுக்க வழியில்லை.

இந்த முறை கார்பன் முன்பைவிடக் குறைவு. பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அமிட்ரிப்டிலின் பீக்கைக் காட்டியதும் அதே ஆட்கள் செய்முறையை எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு வரியில் தர மறுத்துவிட்டேன்.